பதின்மூன்றாம் வசனத்திலிருந்து

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. கத்தோலிக்கர்களுக்குத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று கோயில்களில் வாசிக்கப்பட்ட நற்செய்தி லூக்கா 21ஆம் அதிகாரம். சூரியனிலும் நிலவிலும் விண்மீன்களிலும் அடையாளங்கள் தோன்றும், கடலும் அலைகளும் முழங்கும், மண்ணுலகில் மக்கள் கலங்கித் தவிப்பார்கள் என்று சொல்லும் பகுதி. மூன்றாண்டுக்கு ஒருமுறை சுழன்று வருகிற வாசகம் அது. புதுச்சேரிக்காக யாரும் பொறுக்கி எடுத்ததில்லை. ஆனால் முந்தைய இரவுதான் ஃபெஞ்சல் புயல் எங்கள் கரையில் ஏறி, நகர மறுத்து நின்று, ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழையைக் கொட்டியிருந்தது. நெல்லித்தோப்பில் எங்கள் தெரு குளமாகிவிட்டது. கோயிலுக்குப் போக வழியில்லை, மின்சாரமும் இல்லை. அப்பா டார்ச் வெளிச்சத்தில் அன்றைய வாசகத்தை வீட்டிலேயே வாசித்தார். கடல் முழங்கும் என்ற இடம் வந்ததும் நிறுத்தி ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு தொடர்ந்தார். உலகம் முடியப்போகிறது என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. வாசித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மோட்டார் முழுகியிருக்குமோ?"

கடலூருக்குத் தண்ணீர் வேறு வழியாக வந்தது. திங்களன்று சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரைமீறியது. செம்மண்டலத்தைத் தாண்டி ஆற்றுப் பக்கமாகக் குடியிருக்கிறாள் என் அக்கா. மறுநாள் விடிவதற்கு முன்பே வீட்டுக்குள் தண்ணீர். அக்காவும் மாமாவும் அரிசி டிரம், தையல் இயந்திரம், பத்திரங்கள் இருந்த பை என்று ஒவ்வொன்றாக வீட்டுக்காரரின் மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான்காம் வகுப்புப் படிக்கும் மகள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கடைசியாக எழுப்பிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். அவர்கள் மேலே இருந்த நேரத்தில் அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. இருட்டு. கூப்பிட்டால் பதில் இல்லை. கட்டிலுக்குக் கீழே தண்ணீர்.

அக்கா இறங்கி வந்து பார்த்தபோது குழந்தை கட்டிலின்மேல் முழங்காலிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் பாவங்களை அறிக்கையிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கைப் பெண்ணின் ரப்பரை எடுத்தது, ஆராதனையில் தூங்கியது, ஆயாவிடம் பொய் சொன்னது. தண்ணீரை அவள் பொருட்படுத்தவே இல்லை. இயேசுவின் இரண்டாம் வருகை நடந்துவிட்டது, விசுவாசிகளைப் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளும் அந்த நாளில் அம்மாவையும் அப்பாவையும் ஆண்டவர் எடுத்துக்கொண்டார், தன்னை மட்டும் விட்டுவிட்டார் என்றே அவள் புரிந்துகொண்டாள். தண்ணீர் வடியும்வரை எங்கள் வீட்டில் தங்க வந்தார்கள். வந்த அன்று என்னைத் தனியே இழுத்துப்போய்க் கேட்டாள்: "மாமா, நீங்கள் எடுத்துக்கொள்ளப்பட மாட்டீர்கள்தானே?" மாட்டேன் என்றால் அவளுக்கு ஆறுதல், இருப்பேன் துணைக்கு. மாதா கோயிலுக்குப் போகிறவன் என்ற முறையில், கைவிடப்படுவோர் பட்டியலில் என் பெயர் முன்பே ஏறிவிட்டிருந்தது போலும்.

இதைப் பெந்தெகொஸ்தே வீடுகளில் வளர்ந்த நண்பர்களிடம் சொன்னேன். ஒருவர்கூட வியக்கவில்லை. ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். பள்ளி விட்டு வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, வீட்டில் ஆளில்லை. அம்மா பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போயிருக்கிறார், பிள்ளை வாசலில் உட்கார்ந்து தேம்புகிறது. இப்போது அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளம் ஏறிய வீட்டில் ஒரு குழந்தை வெள்ளத்தை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயப்படுகிறது என்றால், அந்த வேறொன்று எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் உலகம் மூன்று விதமாக முடிகிறது. அப்பா வழி புதுச்சேரிக் கத்தோலிக்கர்கள். அவர்களுக்குச் சாகும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தீர்வை, பிறகு பாவக்கறை கழிய உத்தரிக்கிற ஸ்தலம், உலக முடிவில் எல்லோருக்கும் பொதுத்தீர்வை. அப்பாயி, பழைய காலத்து அடக்கப் பூசையில் சாமியார் கறுப்பு உடுப்போடு வந்ததையும் 'தியேஸ் ஈரே' என்ற இலத்தீன் பாட்டையும் நடுக்கத்தோடு நினைவுகூர்வார். கோபத்தின் நாளைப் பற்றிய பாட்டு அது. வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த புதிய பூசைப் புத்தகத்தில் அடக்கத் திருப்பலியிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அம்மா வழி மேல்பட்டாம்பாக்கத்துப் பக்கம், ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார் என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்லிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். லுத்தரன்களின் விசுவாச அறிக்கையான 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கையே, கடைசி உயிர்த்தெழுதலுக்கு முன்னால் பூமியில் பரிசுத்தவான்களின் தனி அரசாட்சி ஒன்று வரும் என்ற போதனையைத் தள்ளிவிட்டது; அம்மா வீட்டார் அதைப் படித்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் அந்தச் சாவதானம் அவர்களிடம் இறங்கியிருக்கிறது. மூன்றாவது முடிவு, அக்கா வாழ்க்கைப்பட்ட பெந்தெகொஸ்தே வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

சுவரில் தொங்கும் அட்டவணை

கடலூர், புதுச்சேரிப் பக்கம் சபைக்குப் போகிற வீடுகளில் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் ஏதேன் தோட்டம், வலப்பக்கம் புதிய எருசலேம், நடுவில் அம்புக்குறிகள். மத்திய ஆகாயத்தில் இரகசிய வருகை, சபை எடுத்துக்கொள்ளப்படுகிறது, பிறகு பூமியில் ஏழு ஆண்டு உபத்திரவம், கிறிஸ்துவின் எதிரியான அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி, மக்கள்மேல் இடப்படும் அவனுடைய 666 முத்திரை, பிறகு அர்மகெதோன் என்ற கடைசிப் போர், பகிரங்க வருகை, ஆயிர வருட அரசாட்சி, வெள்ளைச் சிங்காசனம், அக்கினிக் கடல். பேருந்து நிலையக் கால அட்டவணைகூட அவ்வளவு உறுதியாகப் பேசாது. மாமா இதை அப்போஸ்தலர் காலத்துப் போதனை என்று மனதார நம்புகிறார். இதன் துண்டுகள் பழையவைதான். துண்டுகளை இந்த வரிசையில் ஒட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டு.

ஆயிர வருட அரசாட்சியை எதிர்பார்த்தவர்கள் ஆதிச் சபையிலேயே இருந்தார்கள். பாப்பியா, யுஸ்தீன், இரேனேயு மூவரும் அந்தக் கட்சி. ஒரிகன் அதை ஆன்மிகப் பொருளில் வாசித்தார். புனித அகுஸ்தினார் முதலில் அந்த எதிர்பார்ப்பைத் தாமும் கொண்டிருந்ததாக ஒப்புக்கொண்டு, 'கடவுளின் நகரம்' நூலின் 20ஆம் புத்தகத்தில் அதை விட்டு விலகினார்: ஆயிரம் ஆண்டு என்பது கிறிஸ்துவின் முதல் வருகைக்கும் இறுதி வருகைக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும் இந்தக் காலமே என்றார். மேற்கத்தியத் திருச்சபை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பெரும்பாலும் அவர் வழியில்தான் நடந்தது. 1944இல்கூட, கிறிஸ்து தீர்ப்புக்கு முன்னால் பூமியில் கண்ணுக்குத் தெரிய ஆள வருவார் என்ற போதனையை, மிதமான வடிவத்தில்கூடப் பாதுகாப்பாகக் கற்பிக்க முடியாது என்று உரோமை அறிவித்தது. சீர்திருத்தவாதி லூதர் 1522இல் எழுதிய முன்னுரையில், ஆயிரம் ஆண்டைப் பற்றிச் சொல்லும் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின்மேலேயே சந்தேகம் தெரிவித்தார். கால்வின் அதற்கு விளக்கவுரை எழுதவே இல்லை. இவர்களில் யார் எதைச் சொன்னாலும், வருகை ஒன்றுதான். ஆயிரம் ஆண்டை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்ட இரேனேயுவும், விசுவாசிகள் அந்திக்கிறிஸ்துவின் கொடுமையை அனுபவித்தே தீர வேண்டும் என்றுதான் எதிர்பார்த்தார்.

அந்த ஒரே வருகையை இரண்டாகப் பிரித்து அமைப்பாகக் கட்டியவர் ஜான் நெல்சன் டார்பி (1800–1882). அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து, அந்தத் திருச்சபையை விட்டு வெளியேறி, பிளைமவுத் சகோதரர் இயக்கத்தின் தூணானவர். 1830களில் பவர்ஸ்கோர்ட்டில் நடந்த தீர்க்கதரிசனக் கூட்டங்களில் அவருடைய எண்ணங்கள் உருவேறின. பழைய ஏற்பாட்டின் தானியேல் புத்தகம் 9ஆம் அதிகாரத்தின் எழுபது வாரங்களில் அறுபத்தொன்பது கிறிஸ்துவோடு முடிந்தன. கடிகாரம் அங்கே நின்றது. சபை என்பது இடையில் வந்த ஒரு காலம். சபை பூமியிலிருந்து எடுக்கப்பட்ட பிறகு கடைசி வாரம், அதாவது ஏழு ஆண்டு, மறுபடி ஓடத் தொடங்கும் என்றார். டார்பிக்கு முன்பே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலர் இதைத் தொட்டிருக்கிறார்கள் என்று ஆதரவாளர்கள் பழைய ஏடுகளைக் காட்டுவார்கள். இருக்கட்டும். ஆனால் சுவரில் தொங்குவது டார்பியின் கணக்கு. பவுல் சொன்ன பாவமனுஷன், யோவான் நிருபங்களின் அந்திக்கிறிஸ்து, வெளிப்படுத்தலின் மிருகம், தானியேலின் சின்னக் கொம்பு எல்லாம் ஒரே ஆளாக அதில் நிற்கின்றன. யோவானின் நிருபமோ அந்திக்கிறிஸ்துகள் அநேகர் என்றும் ஏற்கெனவே வந்துவிட்டார்கள் என்றும் சொல்கிறது.

இது உலகெங்கும் பரவியது 1909இல் வெளிவந்த, அமெரிக்கரான ஸ்கோஃபீல்டின் குறிப்புரை வேதாகமத்தால். மேலே வேத வசனம், அதே பக்கத்தின் அடியில் ஸ்கோஃபீல்டின் குறிப்பு. ஒரு தலைமுறைக்குள் வாசகர்களுக்கு மேலே உள்ளது எது, கீழே உள்ளது எது என்பது மறந்துபோனது. வேத புத்தகத்தில் நடந்த மிகச் சாமர்த்தியமான அச்சுவேலை அதுதான் என்பது என் கருத்து.

தமிழ்நாட்டுக்கு இந்த எதிர்பார்ப்பு அமெரிக்க வழியாக மட்டும் வரவில்லை. டார்பியின் ஆரம்ப வட்டத்தில் இருந்த அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் பாக்தாத் போய், 1833இல் இந்தியா வந்தார். பின்னாளில் டார்பியின் கெடுபிடி பிடிக்காமல் அவருக்குக் கண்டிப்பாகக் கடிதம் எழுதியவரும் இவரே. குரோவ்ஸோடு பழகிய ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், திருநெல்வேலியில் மிஷனரி இரேனியுஸ் ஐயரிடம் படித்தவர், கிறிஸ்தியான்பேட்டையை நிறுவியவர். 1860இல் அவரைச் சுற்றி, ஆவியில் நிறைந்து பேசும் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் பொங்கிய எழுப்புதல் உண்டானது. பெந்தெகொஸ்தே என்ற பெயர் உலகில் அடிபடுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பு. அதன் அலை திருவிதாங்கூர் வரை போனது. அங்கே ஜஸ்டஸ் ஜோசப் என்பவரின் யுயோமய சபை, 1881இல் கர்த்தர் வருவார் என்று நாள் குறித்துக் காத்திருந்து ஏமாந்தது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் ஆட்கள் 1844 அக்டோபர் 22ஆம் தேதிக்குக் காத்திருந்து ஏமாந்த கதை எல்லோருக்கும் தெரியும். நம் பக்கத்துக் கதையை யாரும் சொல்வதில்லை.

அரிக்கமேட்டிலிருந்து பார்த்தால்

இத்தோடு விட்டிருந்தால் நான் ஒரு பரிகாசக் கட்டுரை எழுதியிருப்பேன். கடைசிக்காலப் பேச்சைப் பரிகசிப்பது சுலபம். ஆதார் அட்டை வந்தால் முத்திரை, பார்கோடு வந்தால் முத்திரை, தடுப்பூசி வந்தால் முத்திரை. வெளிப்படுத்தின விசேஷம் மிருகத்தின் எண்ணாகச் சொல்லும் 666 யார் என்று கண்டுபிடிக்கும் ஆசைக்கு இரண்டாம் நூற்றாண்டிலேயே இரேனேயு கடிவாளம் போட்டார்; பெயர்களைச் சில முன்வைத்துவிட்டு, அடித்துச் சொல்வதைவிடக் காத்திருப்பதே மேல் என்றார். நீரோ சீசர் என்ற பெயரை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும். இலத்தீன் உச்சரிப்பின்படி எழுதினால் 616 வரும். சில பழைய ஏடுகளில் 616 என்றே இருக்கிறது. புத்தகத்தை முதலில் வாசித்தவர்களுக்கு இது விடுகதையாகவே இருந்திருக்காது.

அக்காவின் சபைக்குத் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மாள் வருவார். மீன் விற்பவர். 2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டத்தில் செத்த 600க்கும் மேற்பட்டவர்களில் அவர் மகனும் ஒருவன். அந்த வாரமே ஒரு பிரசங்கியார் முகாமுக்கு வந்து, சமுத்திரத்தின் முழக்கம் கடைசிக்கால அடையாளம் என்று பேசிவிட்டுப் போனாராம். "அந்த ஆளைப் பிடித்து அடிக்கலாம் போலிருந்தது" என்றார் அந்த அம்மாள். அப்படியானால் இந்தச் சபைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்க்க நடந்த நடை, தரகர் கேட்ட பங்கு, வட்டிக்காரர் வாசலில் நின்றது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இதற்கெல்லாம் கணக்குக் கேட்க ஒருவர் வர வேண்டாமா, தம்பி?" என்றார். அவருக்கு அட்டவணை தெரியாது. ஏழு ஆண்டா, மூன்றரை ஆண்டா என்ற கவலையும் இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் பலிபீடத்தின் கீழிருந்து கொல்லப்பட்டவர்கள், ஆண்டவரே எதுவரைக்கும் என்று கேட்கிறார்களே, அவர்களுடைய குரல் அவருடையது.

இந்தப் புத்தகம் எழுதப்பட்ட காலத்தை அதற்குப் பிறகு வேறு கண்ணோடு வாசித்தேன். பெரும்பாலான ஆய்வாளர்கள் கணக்கில் கி.பி. 95ஐ ஒட்டிய காலம், தொமித்தியான் பேரரசன். எழுதியவர் பத்மு தீவில் இருக்கிறார். எபேசு, சிமிர்னா முதலான ஏழு சபைகளும் இன்றைய துருக்கியில் இருந்த உண்மையான ஊர்கள். ஏழு மலைகள்மேல் உட்கார்ந்திருக்கும் பெண் எந்த நகரம் என்று அந்த ஊர்களில் சிறுபிள்ளையும் சொல்லும். பதினெட்டாம் அதிகாரத்தில் அந்த நகரம் எரிகிறது. வியாபாரிகள் தூரத்தில் நின்று அழுகிறார்கள். எதற்கு? இனித் தங்கள் சரக்கை வாங்க ஆளில்லையே என்று. சரக்குப் பட்டியல் நீளமாக வருகிறது: பொன், வெள்ளி, இரத்தினம், முத்து, மெல்லிய துணி, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை, தூபம், கோதுமை, ஆடுமாடு, கடைசியில் அடிமைகள், மனித உயிர்கள்.

அந்தப் பட்டியலை வாசிக்கும்போது எங்கள் அரியாங்குப்பத்து ஆறு நினைவுக்கு வந்தது. அதன் கரையில்தான் அரிக்கமேடு. 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியிலிருந்து வந்த மெருகுப் பாண்டங்களும் மது ஜாடிகளும் கிடைத்தன. மணிகள் செய்த இடம் அது. முதலாம் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமிக் குறிப்பேடான பெரிப்ளூஸ் பொதுகே என்று சொல்லும் துறைமுகத்தை இந்தப் பகுதியோடுதான் அடையாளம் காண்கிறார்கள். பத்மு தீவில் ஒருவர் உரோமையின் சரக்குப் பட்டியலைச் சாபமாக எழுதிய அதே நூற்றாண்டில், அந்த வியாபாரத்தின் மறுமுனை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருந்திருக்கிறது. இங்கே மணி கோத்தவனுக்கு என்ன கூலி கிடைத்தது என்று யார் எழுதி வைத்தார்கள்? மீன்கார அம்மாளுக்கு அந்தப் புத்தகம் எழுதியவர் அந்நியராகத் தெரிய வாய்ப்பில்லை. தானியேலின் பிற்பகுதியும் இப்படித்தான், எருசலேம் ஆலயத்தை நான்காம் அந்தியோக்கு தீட்டுப்படுத்திய கி.மு. 167ஐ ஒட்டிய கொடுமையில் பிறந்தது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். மிதிபட்டவர்களுக்கு எழுதியது. நான்காம் வகுப்புப் பிள்ளையை ரப்பர் திருடியதற்காக நடுங்க வைப்பதற்கு இதில் எந்த வசனம் உதவும் என்று எனக்குத் தெரியவில்லை.

அடக்க ஆராதனை

உதவுகிற வசனம் எதுவென்று மாமாவுக்குத் தெரியும். பவுல் தெசலோனிக்கேயா சபைக்கு எழுதிய முதல் கடிதம், 1 தெசலோனிக்கேயர் 4:16, 17. கர்த்தர் ஆரவாரத்தோடும் எக்காளத்தோடும் வானத்திலிருந்து இறங்கி வருவார். கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள். பின்பு உயிரோடிருக்கும் நாம் அவர்களோடுகூட மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவோம். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்ய வைத்த வசனமும் இதுதான். குழந்தை அதை மூச்சுவிடாமல் சொல்லுவாள்.

புயலுக்கு அடுத்த கோடையில் மாமாவின் அம்மா காலமானார். எங்கள் எல்லோருக்குமே அவர் ஆயாதான். கடலூரில் வெயில் கொளுத்திய ஒரு மதியம் அடக்க ஆராதனை. பாஸ்டர் ஊரில் இல்லாததால், ஓய்வுபெற்ற வயதான ஊழியர் ஒருவர் வந்திருந்தார். கண் சரியாகத் தெரியாதவர். வேதத்தை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்து வாசித்தார். 1 தெசலோனிக்கேயர், 4ஆம் அதிகாரம். எனக்கு உள்ளே சுருக்கென்றது. பெட்டியை வைத்துக்கொண்டுமா குழந்தையைப் பயமுறுத்த வேண்டும் என்று அக்காவைப் பார்த்தேன். ஆனால் அவர் 16இல் தொடங்கவில்லை, 13இல் தொடங்கினார். நித்திரையடைந்தவர்களைப் பற்றி, நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போல நீங்கள் துக்கப்படக் கூடாது என்று தொடங்கினார். 17இல் நிறுத்தவும் இல்லை. இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்ற 18ஆம் வசனத்தை இரண்டு முறை வாசித்து, மாமாவின் தோளில் கைவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் செய்த பிரசங்கம் அவ்வளவுதான்.

அங்கேயே எனக்கு மொத்தமும் புரண்டது. கி.பி. 50ஐ ஒட்டி எழுதப்பட்ட கடிதம் இது. நமக்குக் கிடைத்திருக்கும் கிறிஸ்தவ எழுத்துகளிலேயே மூத்தது என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். தெசலோனிக்கேயாவில் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் ஆண்டவர் சீக்கிரம் வந்துவிடுவார் என்று எதிர்பார்த்திருந்தார்கள். அதற்குள் வீடுகளில் சாவு விழுந்தது. அப்பா போய்விட்டார், மனைவி போய்விட்டாள். ஆண்டவர் வரும் நாளில் இவர்கள் இருக்க மாட்டார்களே, இவர்கள் மட்டும் விடுபட்டுப் போவார்களா என்று இருப்பவர்கள் கலங்கினார்கள். செத்தவர்கள் விடுபட்டுப் போவார்களோ என்பதுதான் அந்தச் சபையின் பயம். பவுலின் பதில்: இல்லை, அவர்கள்தான் முதலில்; பிறகுதான் நாம்; எல்லோரும் சேர்ந்தே இருப்போம். யாரும் விடப்பட மாட்டார்கள் என்று சொல்வதற்காக எழுதிய இரண்டு வசனங்களைக் கத்தரித்து எடுத்து, யார் யார் விடப்படுவார்கள் என்று சொல்வதற்குப் பயன்படுத்தியிருக்கிறோம். அதிலும் கூர்ந்து பாருங்கள், அந்தப் பகுதியில் விடப்படுகிறவர் என்று ஒருவர்கூட வருவதில்லை. பவுல் எழுதவே இல்லை.

மேகத்தில் எதிர்கொண்டு போவதும் அந்தக் காலத்து ஊர்களுக்குப் பழகிய மரியாதை. அரசனோ பெரிய அதிகாரியோ வந்தால் ஊரார் எல்லைக்கு வெளியே போய் வரவேற்று, கூடவே ஊருக்குள் அழைத்து வருவார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 28:15இல் ரோமாபுரிச் சகோதரர்கள் பவுலை அப்படித்தான் வழியிலேயே போய்ச் சந்திக்கிறார்கள். இயேசு சொன்ன உவமையில் பத்துக் கன்னிகைகளும் மணவாளனை அப்படித்தான் எதிர்கொள்ளப் போனார்கள். நம் ஊரில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கோயில் வாசல் வரை மேளத்தோடு போகிறவர்கள், மாப்பிள்ளையின் காரிலேயே ஏறி அவர் ஊருக்குப் போய்விடுவதில்லை, மண்டபத்துக்குத்தான் திரும்புகிறார்கள். டார்பியின் கணக்கில்தான் மாப்பிள்ளை பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறார்.

இன்னொரு வசனமும் பாக்கி இருக்கிறது: மத்தேயு 24:40, வயலில் இருவர் இருப்பார்கள், ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான். இதற்கு முந்தைய வசனம் நோவா காலத்து வெள்ளம். அந்த வெள்ளம் வந்து அனைவரையும் வாரிக்கொண்டு போனது. அங்கே கொண்டுபோகப்பட்டவர்கள் செத்தவர்கள், மிஞ்சியவர்கள்தான் பிழைத்தவர்கள். அதே வரிசையில் 40ஆம் வசனத்தையும் வாசிக்க வேண்டும் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வாரிக்கொண்டு போனதற்கும் ஏற்றுக்கொள்ளப்படுவதற்கும் மூலக் கிரேக்கத்தில் வினைச்சொற்கள் வேறு என்று இதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள், அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லத் துணியவில்லை. ஆனால் தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் போய், தண்ணீர் வந்த நாளில் கொண்டுபோகப்பட்டவர் பாக்கியவானா விடப்பட்டவர் பாக்கியவானா என்று கேட்டால், எந்த அகராதியும் பார்க்காமல் பதில் சொல்லுவார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது குழந்தை மாமாவிடம் கேட்டாள்: "அப்படியென்றால் நமக்கு முன்னால் ஆயாதான் எழுந்திருப்பாரா?" ஆமாம் என்றார். "ஆயாவுக்கு முட்டி வலிக்குமே, நாம் போய் எழுப்பிவிட வேண்டாமா?" என்றாள். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவுக்குக் கைகாட்டினார்.

மாமா என் பக்கம் வந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். திருப்பாதிரிப்புலியூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அளவு பார்க்காமல் எதையும் கொடுக்கவோ வாங்கவோ மாட்டார். "நீ 4ஆம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறாய். 5ஆம் அதிகாரம் 2ஆம் வசனம் என்ன சொல்கிறது? இரவிலே திருடன் வருகிறவிதமாய்" என்றார் ஒரு நாள். 4ஆம் வசனத்தையும் வாசியுங்கள் மாமா என்றேன்: அந்த நாள் திருடனைப் போல உங்களைப் பிடித்துக்கொள்ளாது, நீங்கள் அந்தகாரத்தில் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வசனத்தை விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். "பயமே இல்லாமல் பிள்ளை எப்படி ஒழுங்காக வளரும்?" உண்மையான வழக்கு அதுதான் என்று எனக்கும் தெரியும். அதற்குக் கிரேக்கமும் டார்பியும் உதவ மாட்டார்கள். அவள் அன்றைக்குத் தண்ணீரைப் பார்த்துக் கத்தியிருந்தால் உங்களுக்கு உடனே கேட்டிருக்கும், முழங்காலிட்டதால் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அதன்பின் ஞாயிறு பள்ளி ஆசிரியையிடம் பேசப் போனவர் மாமாதான். 13ஆம் வசனத்திலிருந்து சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டாராம். பாடப் புத்தகத்தில் 16இலிருந்துதான் இருக்கிறது என்று பதில் வந்ததாம். மூன்று வசனத்துக்குப் புத்தகம் எதற்கு, நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இதை அக்கா சொன்னாள். மாமா என்னிடம் மூச்சுவிடவில்லை. என்னிடம் அவர் சொன்னது வேறு. அடுத்த முறை கடலூர் வரும்போது தானியேலை நன்றாகப் படித்துவிட்டு வர வேண்டும், எழுபது வாரக் கணக்கை அவர் காகிதத்தில் போட்டே காட்டப் போகிறாராம். கால்குலேட்டர் கடையிலேயே இருக்கிறது, நான் கொண்டுவர வேண்டியதில்லை.